மூன்று வீட்டில் ஒரே கதை

(நமது சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், தாராவியில் இட்லித் தொழில் செய்துவரும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் தம்பி வந்து, "அக்கா, இந்த மாதம் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "அதைப் பற்றிப் பேச என்னப்பா இருக்கிறது, பார்த்தோம், அழுதோம், படுத்தோம்" என்றேன். "அதைத்தான் பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம் கூட்டங்களில் விலைவாசியைப் பற்றிப் பேசுகிறோம், குடிநீரைப் பற்றிப் பேசுகிறோம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் நாள்தோறும் நம் வீட்டுக்குள் வந்து, சோறு உண்ணும் நேரத்தில் நம்முடன் அமர்ந்து கதை சொல்லிவிட்டுப் போகிற ஒரு சாதனத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை. எனக்குத் தெரிந்ததை, நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். படித்தவர்கள் தவறிருந்தால் திருத்துங்கள்.

1985-ல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி இந்த ஊருக்கு வந்தேன். அப்போது இது பம்பாய். எங்கள் சந்தில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதில் தமிழ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள். மலையாளம், வங்காளம், ஒரியா என்று எல்லா மொழிக்கும் முறை வந்து, பிறகு என்றைக்காவது ஒருநாள் தமிழுக்கு முறை வரும். அன்று அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் இந்திதான். 1984 சூலையில் தொடங்கி 1985 டிசம்பர் வரை 'ஹம் லோக்' என்ற தொடர் நடந்தது. இந்திய நாட்டின் முதல் நெடுந்தொடர் என்று அதைத்தான் சொல்வார்கள். மொழி தெரியாமலே பார்த்தேன். எனக்கு இந்தி வந்தது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

அந்தக் கதையில் குடிகாரத் தந்தை, அவன் மனைவி பகவந்தி, வளர்ந்த பிள்ளைகள். பகவந்தி வாய் திறக்க மாட்டாள். அடித்தாலும் பொறுப்பாள், ஏசினாலும் பொறுப்பாள். ஒவ்வொரு நாளும் கதை முடிந்ததும் அசோக் குமார் என்ற பெரிய நடிகர் வந்து, நேயர்களிடம் நாலு வார்த்தை நல்லது சொல்லிவிட்டுப் போவார். குடும்பக் கட்டுப்பாடும் பெண்ணின் நிலையும் மக்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே அரசாங்கம் அந்தத் தொடரை எடுத்தது. மெக்சிகோ நாட்டில் அப்படி எடுத்து வெற்றி கண்டிருந்தார்கள், அதைப் பார்த்துச் செய்தது இது. பகவந்தியை, "பெண் இப்படி இருக்கக்கூடாது" என்று காட்டத்தான் படைத்தார்களாம். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் பார்த்தவர்களிடம் போய் விசாரித்திருக்கிறார்கள். பலபேர் என்ன சொன்னார்கள் தெரியுமா? பகவந்தியைப்போல் அல்லவா ஒரு மனைவி இருக்கவேண்டும் என்றார்கள்! எழுதியவன் ஒன்று நினைத்தான், பார்த்தவன் வேறொன்றை எடுத்துக்கொண்டு போனான். நானும் அன்றைக்கு அப்படித்தான் எடுத்துக்கொண்டேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். புதுப்பெண், பத்தொன்பது வயது. என் மாமியார் பகவந்தியைக் காட்டி, "பார்த்துக்கோ" என்றார். நானும் பார்த்துக்கொண்டேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

இப்போது நம் காலத்துத் தொடர்களுக்கு வருவோம். எங்கள் சந்தில் இன்று பெட்டி இல்லாத வீடு இல்லை. என் அறைக்கு வலப்பக்கம் மராத்தி மாவுசி, இடப்பக்கம் உத்தரப்பிரதேசத்துப் பாபி. நடுவில் நான். சுவர் என்பது பெயருக்குத்தான். மாலையில் மாவுசி வீட்டில் 'ஆயி குடே காய் கரதே' ஓடும். அது முடிந்து என் வீட்டில் 'பாக்கியலட்சுமி' ஓடும். இரவு பத்து மணிக்குப் பாபி வீட்டில் 'அனுபமா'. ஒருநாள் குழாயடியில் மூவரும் நிற்கிறோம். மாவுசி அவர் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைக்கிறார். கணவன் பெரிய வேலையில் இருக்கிறான், மனைவிக்குப் படிப்பில்லை என்று இளக்காரம் செய்கிறான், வெளியே வேறொருத்தியோடு பழகுகிறான், இருபத்தைந்து வருடம் அந்த வீட்டுக்கு உழைத்தவள் ஒன்றும் தெரியாமல் சப்பாத்தி தேய்க்கிறாள் என்கிறார். பாபி, "இது என் அனுபமா கதை ஆயிற்றே" என்கிறார். நான், "ஏ, இது எங்க பாக்கியா கதை!" என்கிறேன். மூவரும் குடத்தை வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பிறகு என் மகன் கைப்பேசியில் தேடிச் சொன்னான். அது வங்காளத்தில் 2019-ல் வந்த 'ஸ்ரீமொயி' என்ற தொடர். அதே ஆண்டு கடைசியில் மராத்திக்கு வந்தது. 2020-ல் தமிழுக்கும் இந்திக்கும் வந்தது. தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறது. எல்லாம் ஒரே முதலாளி வீட்டு ஒளிபரப்புகள். ஒரே மாவை இட்லித் தட்டில் ஊற்றி, தோசைக்கல்லில் ஊற்றி, பணியாரக் குழியில் ஊற்றி விற்கிற வியாபாரம். வியாபாரி என்ற முறையில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஆனால் ஒரு நன்மையைச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்த எனக்கும் மாவுசிக்கும், மழைநீர் புகுந்தால் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. இந்தக் கதை வந்த பிறகு மூவரும் பேசுகிறோம். "உன்னுடையவன் இன்று என்ன செய்தான்?" என்று கேட்டால் கணவனைப் பற்றி அல்ல, கதையில் வரும் அனிருத்தனைப் பற்றி, கோபியைப் பற்றி, வனராஜனைப் பற்றி. அப்படித் தொடங்குகிற பேச்சு, கொஞ்ச நேரத்தில் சொந்தக் கணவனிடமும் வந்து நிற்கும். அது வேறு கதை.

மாவு ஒன்றானாலும் தட்டு வேறு அல்லவா? அந்த வேறுபாட்டைக் கவனித்தேன். மராத்தி அருந்ததிக்குப் பாட்டு வரும். இந்தி அனுபமாவுக்கு நாட்டியம் வரும். நம் பாக்கியாவுக்குச் சமையல் வரும். அவள் மசாலாப்பொடி செய்து விற்கிறாள், ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கிறாள், படிப்படியாக மேலே வருகிறாள். சமைக்கிற கையை மதித்துக் கதை எழுதினார்களே என்று எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. அந்த வேடத்தில் நடித்த சுசித்ரா என்ற பெண் கன்னடத்துக்காரி. ஆனாலும் நம் வீட்டு மருமகளைப்போல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். கோபியாக வந்த சதீஷ், திருட்டுமுழி முழித்தே நம்மைச் சிரிக்க வைத்துவிட்டார். துரோகம் செய்கிறவனைப் பார்த்து நாம் சிரித்தோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் தொழில் செய்கிறவள் என்ற முறையில் என் குறையைச் சொல்கிறேன். நான் மாலையில் அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்து, இரவு மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவள். மழைக்காலத்தில் உளுந்து பொங்குவது ஒரு விதம், டிசம்பர் குளிரில் மாவு புளிக்காமல் சண்டித்தனம் செய்வது ஒரு விதம். ஐந்து மணிக்கு என் வீட்டுக்காரர் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஊதியை அமுக்கிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். ஒரு நாள் மாவு கெட்டால் இரண்டு நாள் வருமானம் போச்சு. பாக்கியா நூறு பேருக்குச் சமைக்கிறாள், புடவையில் ஒரு சொட்டு மாவு இல்லை! அது போகட்டும், நடிப்பு. ஆனால் அரிசி என்ன விலைக்கு வாங்கினாள், எரிவாயு எத்தனை உருளை ஆயிற்று, கையில் என்ன மிஞ்சியது, அந்தப் பணத்தை எங்கே வைத்தாள்? ஆயிரம் நாளுக்கு மேல் ஓடிய கதையில் இதை உட்கார்ந்து பேசிய காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் உழைப்பைக் கண்ணீராகக் காட்டத் தெரிகிறது, கணக்காகக் காட்டத் தெரியவில்லை.

அந்த வீட்டில் செல்வி என்று ஒரு வேலைக்காரப் பெண். கம்பம் மீனா நடித்தார், நம் சந்தில் நடந்துபோகிற பெண்ணைப்போலவே இருப்பார். பாக்கியாவுக்கு உற்ற தோழி, தொழிலிலும் கூடவே நின்றவள். அவளுக்குச் சம்பளம் என்ன? தொழில் வளர்ந்தபோது அவளுக்குப் பங்கு உண்டா? நான் பார்த்தவரையில் இந்தக் கேள்வி அழுத்தமாக வரவே இல்லை. ஆனால் கடைசிக் காலத்தில், பாக்கியாவின் மகள் இனியா செல்வியின் மகனை விரும்புகிறாள் என்று வந்தது பாருங்கள், அப்போதுதான் கதை நம் பக்கம் திரும்பியது. அதுவரை ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த அந்தக் குடும்பம், வேலைக்காரி மகன் என்றதும் ஒன்றாக நின்று கொதித்தது. அந்த வாரங்களில் எங்கள் சந்தில் யாரும் சிரிக்கவில்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எங்கள் பக்கம் எத்தனை பேர்! ஒரு தங்கச்சி என்னிடம், "அக்கா, நான் வேலை செய்கிற வீட்டு அம்மாவும் இந்தத் தொடரைத்தான் பார்க்கிறார்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். அவர்கள் ஒன்றுமே சொல்லாமல் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்றாள்.

1986-ல் தூர்தர்சனில் 'நுக்கட்' என்று ஒரு தொடர் வந்தது. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். தெருமுனையில் கூடுகிற மின்வேலைக்காரன், சைக்கிள் கடைக்காரன், வீட்டு வேலை செய்யும் பெண், குடிகாரன். அவர்கள்தாம் கதையே. பெரிய வீட்டுக்காரர்கள் எப்போதாவது வந்துபோவார்கள். இன்று அது தலைகீழ். பெரிய வீட்டில் கதை நடக்கிறது, நாம் தட்டில் காப்பி எடுத்துக்கொண்டு வந்துபோகிறோம்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பாக இருக்கும். கோபி மணவிலக்குப் பெற்று, தான் விரும்பிய ராதிகாவை மணந்துகொண்டான். இந்தி அனுபமா மணவிலக்கிற்குப் பிறகு அனுஜ் என்பவரை மணந்தாள். மராத்தி அருந்ததியும் மறுமணம் செய்துகொண்டாள். பாட்டி வயதில் கல்யாணமா என்று அந்தக் கதைகளிலும் வீட்டார் குதித்தார்கள், ஆனாலும் நடந்தது. நம் பாக்கியாவுக்குப் பழனிச்சாமி என்று ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவந்து காட்டினார்கள். பிறகு? 2025-ல் கதை முடியும்வரை அவள் தனியாகவே நின்றாள். பழைய கணவன் திரும்பி வந்தபோது வேண்டாம் என்றாளே, அதற்குக் கை தட்டினேன். தனியாக இருப்பேன் என்று ஒரு பெண் முடிவு செய்தால் அது அவள் உரிமை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே கதையில் வடக்கே செய்ததைத் தெற்கே செய்யாமல் விட்டது ஏன்? தமிழ்ப் பெண்கள் ஏற்கமாட்டார்கள் என்று யார் தீர்மானித்தது? 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் கைம்பெண் மறுமணத்துக்கும் மணவிலக்கு உரிமைக்கும் பெண்ணின் சொத்துரிமைக்கும் தீர்மானம் போட்ட இனம் நாம். அது ஆகி ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது. குழாயடியில் மாவுசி என்னைக் கேட்டார்: "உங்கள் பாக்கியாவுக்கு எப்போது?" நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சொத்துரிமை என்றதும் 'எதிர்நீச்சல்' நினைவுக்கு வருகிறது. 2022 தொடங்கி 2024 வரை சன் தொலைக்காட்சியில் வந்தது. எடுத்தவர் திருச்செல்வம், முன்னே 'கோலங்கள்' எடுத்தாரே அவர்தான். ஆதி குணசேகரன் என்ற அண்ணன். தம்பிகளுக்குப் படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிவைத்து, அவர்களை அடுப்படியைத் தாண்டவிடாமல் அடைத்து வைக்கிறவன். நான்கு மருமகள்களும் ஒன்றுசேர்ந்து மெல்ல மெல்ல எழுகிறார்கள். மாமியார் மருமகள் சண்டை, ஓரகத்திச் சண்டை என்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஓரகத்திகள் ஓரணியாக நின்றது புதுமையாக இருந்தது.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து தேனிப் பக்கத்துக்காரர், திரைப்பட இயக்குநர், நல்ல கலைஞர். 2023 செப்டம்பர் 8 அன்று அந்தத் தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் மறைந்தார். நம் வீட்டில் ஒருவர் போனதுபோல் எங்கள் சந்து வருந்தியது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். மாரிமுத்துவின் திறமையைப் பற்றி எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. என் கேள்வி நம்மைப் பற்றியது. அவர் "இந்தாம்மா" என்று அதட்டினால் பெண்களை அடக்குகிற கொடுமையை நாம் பார்க்கவேண்டும் என்றுதான் கதை. நம் ஆண்பிள்ளைகள் என்ன செய்தார்கள்? டீக்கடையில் அதையே சொல்லிச் சிரித்தார்கள். வீட்டில் தண்ணீர் கேட்பதற்கும் "இந்தாம்மா" வந்தது. முன்னே சொன்ன பகவந்தி கதைதான். நாற்பது வருடத்துக்கு முன் நாம் அடங்கிய மனைவியைத் தெய்வமாக்கினோம், இப்போது அடக்குகிற அண்ணனைச் செல்லப்பிள்ளையாக்கினோம்.

ஆனால் அதே தொடரில் நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். அப்பத்தா என்று ஒரு பாத்திரம். சொத்தில் நூற்றுக்கு 40 பங்கு அந்த மூதாட்டி பேரில் இருக்கிறது. அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் குணசேகரன் அவ்வளவு ஆட்டம் ஆடியும் அப்பத்தாவிடம் அடங்கி வருகிறான். நடித்தவர் பம்பாய் ஞானம். பேரிலேயே நம் ஊர் இருக்கிறது! பெண்களையே வைத்து, ஆண் வேடத்தையும் பெண்களே கட்டி, தமிழ் நாடகம் போட்ட அம்மையார் அவர். அந்தப் பெருமையோடு பார்த்ததாலோ என்னவோ, அந்தக் காட்சிகள் என் மனத்தில் தைத்துவிட்டன.

ஒருநாள் இரவு தொடர் முடிந்ததும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "நம்ம தொழில்ல எம் பங்கு எவ்வளவு?" அவருக்கு விளங்கவில்லை. "எதுக்குட்டி பங்கு? ஒரே குடும்பந்தானே?" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. குடிப்பழக்கம் கிடையாது, கை நீட்டியதில்லை. ஆனால் முப்பத்தேழு வருடம் நான் அவித்த இட்லிக் காசு அவர் சட்டைப்பையில்தான் வந்தது. அரிசிக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியும். நான் விடவில்லை. "நாளைக்கு நீரு மாவாட்டும், நான் சைக்கிள்ல போறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "இந்தாம்மா..." என்று தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்திவிட்டார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ!

மறுநாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். அரிசியும் உளுந்தும் நானே வாங்குகிறேன். மூன்றாவது மாதத்தில், உளுந்துக் கடைக்காரரிடம் நாங்கள் வருடக்கணக்கில் கடனுக்கு வாங்கியதால் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுத்து வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. கையில் காசு வைத்து வாங்கியதும் அது நின்றது. எனக்கு இப்போது என் பேரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. பெரிய தொகை இல்லை, கேட்காதீர்கள்.

தாராவியில் 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுத்து எண் போடத் தொடங்கினார்கள். யாருக்கு இங்கேயே வீடு, யாருக்கு வேறிடம் என்பதெல்லாம் காகிதத்தைப் பொறுத்தது, எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டுக்கு வந்தபோது யார் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ... சரி, இறக்குங்கள். இன்றிரவே கேளுங்கள். தொடர் பார்க்கிற நேரத்தில் கேளுங்கள், அப்போதுதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

தொடர் பார்ப்பதை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நானே விடமாட்டேன். 'எதிர்நீச்சல்' இரண்டாம் பாகம் 2024 டிசம்பரில் தொடங்கியதும் முதல் நாளே உட்கார்ந்துவிட்டேன். பகலெல்லாம் நின்ற கால் அந்த அரைமணி நேரம்தான் நீட்டுகிறது. நம் பிள்ளைகள் இந்தியும் மராத்தியும் பேசி வளர்கிறார்கள், என் பேத்திக்கு "ஓரகத்தி" என்ற சொல் தெரிந்ததே தொடர் பார்த்துத்தான்.

செயலாளர் தம்பியிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஒளிபரப்புக்காரர்களுக்கு நம் சங்கத்தின் பேரில் ஒரு கடிதம் எழுத வேண்டும். செல்விக்கு என்ன சம்பளம் என்று கேட்டு எழுதுங்கள். ஊரைவிட்டு வெளியூரில் வேலைசெய்து பிழைக்கிற தமிழ்க் குடும்பம் ஒன்றாவது உங்கள் கதையில் நடுவீட்டில் உட்காரக்கூடாதா என்று கேட்டு எழுதுங்கள். தமிழில் ஒன்றும், இந்தியில் ஒன்றும் எழுதுங்கள். மாவுசியும் பாபியும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் இருவரையும் அழைத்து வர அனுமதி வேண்டும். மாவுசி தம் தொடரைப் பற்றி மராத்தியில் பேசுவார், நான் தமிழில் சொல்கிறேன்.

உளுந்து ஊறப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.